பெரிய காலிப்பர் வாங்கும் முன் ஒரு லிட்டர் பிரேக் ஆயில்

என் சித்தி மகன் பாகூரில் இருக்கிறான். போன வருஷம் ஒரு ஹூண்டாய் ஐ20 என்-லைன் கார் எடுத்தான். 2021 மாடல், ஒரு கை மாறியது. ஒரு லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன், முன் காலிப்பர்களுக்குக் கம்பெனியே சிவப்பு அடித்து அனுப்பிய வண்டி. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை, பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் கவ்விப் பிடிப்பதுதான் காலிப்பர். வாங்கிய மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை நீட்டினான்.

"அக்கா, இதப் பாரேன். ஆறு பிஸ்டன் காலிப்பர், 330 எம்எம் டிஸ்க். ஒன்னேகால் லட்சம் சொல்றாங்க. போட்டுடட்டுமா?"

"இப்ப இருக்கற பிரேக்குல இன்னாடா குறை?"

"ஈசிஆர்ல மரக்காணம் பக்கம் கொஞ்சம் வேகமாப் போய் நாலஞ்சு தடவ அழுத்திப் புடிச்சா, அப்புறம் பெடல் உள்ள எறங்குதுக்கா."

"பிரேக் ஆயில் எப்ப மாத்துனது?"

அவனுக்குத் தெரியவில்லை. விற்றவரும் சொல்லவில்லை. நான் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு திரவத்தில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று கார்ல் ஃபிஷர் கருவியில் அளப்பது எனக்குத் தினப்படி வேலை. அவன் வண்டியின் ஆயில் டப்பாவிலிருந்து பத்து மில்லி உறிஞ்சி எடுத்து ஒரு குப்பியில் இறுக மூடிக் கொண்டுபோனேன். பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு ஷிஃப்ட் முடிந்த பிறகு ஓட்டிப் பார்த்ததில் 3.1 சதவீதம் தண்ணீர்.

பெடல் இறங்கிய குறை, ஒரு லிட்டர் பிரேக் ஆயிலில் தீர்ந்துபோனது. பேட் மாற்றியது அதற்குப் பிறகு, வேறு காரணத்துக்காக. கொஞ்சம் வேகமான கார் வைத்துக்கொண்டு, பிரேக்கை இன்னும் நன்றாக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எந்த வரிசையில் பணம் போட வேண்டும் என்பதை, அவனுக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலுக்கு என்ன தெரிகிறது?

கடைக்குப் போகும் முன் உங்கள் கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். பிரேக் சரியில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்வது, உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது மாதிரி.

நாலைந்து முறை அழுத்திப் பிடித்த பிறகு பெடல் பஞ்சு மாதிரி ஆகித் தரைவரை இறங்குகிறதா? ஆயில் கொதித்து உள்ளே ஆவி உண்டாகியிருக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். உங்கள் மிதி அந்த ஆவியை அமுக்குவதிலேயே செலவாகிறது. பெடல் கல்லு மாதிரி கெட்டியாக நிற்கிறது, ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறதா? அது பேட் சூடேறிப் பிடியை விட்டது. இரண்டும் வேறு வேறு நோய். முதலாவதுக்கு எவ்வளவு உசந்த பேட் போட்டாலும் தீராது. இரண்டாவதுக்கு ஆயிலை மட்டும் மாற்றினால் தீராது.

பெடலிலும் ஸ்டியரிங்கிலும் நடுக்கம் வந்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு காலிப்பர் சிக்கியிருக்கலாம். கீச்சென்று உலோகச் சத்தம் வந்தால் பேட் தேய்ந்து, அதற்கென்று வைத்த தகடு டிஸ்க்கில் உரசுகிறது.

இன்னொரு சோதனை. காய்ந்த, காலியான ரோட்டில், பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் காலுக்குக் கீழே தடதடக்கிறதா? அப்படியானால் உங்கள் பிரேக், டயரின் பிடியைத் தாண்டும் அளவுக்கு ஏற்கனவே பலமாக இருக்கிறது. அந்த ஒரு தடவை நிறுத்தத்தில் ஆறு பிஸ்டன் காலிப்பர் ஒரு அடியைக்கூடக் குறைத்துத் தராது. நிறுத்தும் தூரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் டயரைத்தான் மாற்ற வேண்டும். நல்ல பேடும் பெரிய டிஸ்க்கும் வேலை காட்டுவது திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது, ஐந்தாவது, பத்தாவது தடவையில்.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயர் மேல் வரிகள்) இருக்கிறதே என்று பழைய, இறுகிப்போன டயரை வைத்துக்கொண்டு பிரேக்குக்குச் செலவழிப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஏற்காடு இறக்கத்தில் நான் கற்றது

என்னுடையது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2014 மாடல். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், தானே கியர் மாற்றும் ஏழு கியர் டிஎஸ்ஜி. முன்னால் காற்று போகும் டிஸ்க், பின்னால் டிரம். 2019 மே மாதம் அப்பா, அம்மா, அத்தை, அத்தை பேத்தி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனோம். சேலத்திலிருந்து ஏறும் அந்த ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி அருமையாகப் போனது. இறங்கும்போது கியரை டி-யிலேயே விட்டுவிட்டேன். டிஎஸ்ஜி தன் பாட்டுக்கு மேல் கியருக்குப் போய்க்கொண்டிருக்க, நான் ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கைத் தேய்த்தேன். பாதிக்கு மேல் இறங்கிய பிறகு ஒரு வளைவில் பெடல் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

படபடவென்று மூன்று நாலு முறை மிதித்ததில் கொஞ்சம் பிடி வந்தது. கியரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டுக்கு இறக்கினேன், ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து மலைப் பக்கமாக ஒதுக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தை பேத்திக்கு அப்போது நாலு வயது, பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷம் அங்கேயே நின்றோம். அத்தை தண்ணி பாட்டிலை எடுத்துச் சக்கரத்தில் ஊற்றப் போனார், தடுத்துவிட்டேன். கொதிக்கும் வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வெடிக்கலாம், கோணலாம். ஆறிய பிறகு பெடல் பழையபடி கெட்டியாக வந்துவிட்டது. அதில்தான் ஆபத்தே இருக்கிறது. சரியாகிவிட்டது என்று மனசு நம்பிவிடும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு வண்டி சுமார் 1,450 கிலோ. இறங்கியது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் என்று வைத்தால், கரைக்க வேண்டிய ஆற்றல் 14 மெகாஜூலுக்குக் கொஞ்சம் மேல். அதே வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிறுத்த 0.56 மெகாஜூல் போதும். அதாவது அந்த இறக்கம், நூறிலிருந்து இருபத்தைந்து முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சினை நான் வேலை செய்யவே விடவில்லை, மீதி முழுக்கப் பிரேக்கின் தலையில் விழுந்தது. ஒரு முன் டிஸ்க் ஐந்து கிலோ என்று வைத்துக்கொண்டால், நூறிலிருந்து ஒரு நிறுத்தத்துக்கு அது எண்பது டிகிரிக்கு மேல் சூடேறும். இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில் ஆற நேரம் இருந்தால் ஒன்றுமில்லை. நேரம் இல்லாவிட்டால் சூடு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கும் போய்ச் சேரும்.

அன்று அந்த வண்டியில் இருந்த ஆயில் ஐந்து வருஷம் பழசு. வாங்கிய நாள் முதல் யாரும் தொடவில்லை. ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் 'பிரேக் ஆயில் பார்க்கப்பட்டது' என்று டிக் மட்டும் இருந்தது. மட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள், வயசைப் பார்க்கவில்லை.

அந்த ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் கிடையாது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகைத் திரவங்கள். கிளைக்காலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். ரப்பர் ஹோஸ் வழியாகவும், டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தேவனாம்பட்டினத்தில் கடற்காற்றில் வண்டி நிறுத்துகிற எங்களுக்கு இதில் வஞ்சனை இல்லாமல் ஈரம் கிடைக்கிறது.

தரப்படி, புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 230 டிகிரி, டாட் 5.1 260 டிகிரி. அதே திரவத்தில் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு இருக்க வேண்டிய அளவு 140, 155, 180. டாட் 4 ஊற்றிய வண்டிக்கு, புதிதில் 230 வரை தாங்கியது, தண்ணீர் ஏற ஏற 155 பக்கம் சரிந்துவிடுகிறது. தம்பி வண்டியில் 3.1 சதவீதம் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது அதனால்தான்.

வாங்கும்போது வண்டியின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அந்தத் தரம், அல்லது ஒரு படி மேல். டாட் 4 கேட்கிற வண்டிக்கு நல்ல கம்பெனியின் டாட் 4 புதிதாக ஊற்றினாலே ரோட்டுக்குப் போதும். அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவர்கள் 5.1 ஊற்றலாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: டாட் 5 என்பது 5.1இன் தம்பி கிடையாது. அது சிலிக்கோன். மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது. பெயர் ஒரு புள்ளியில்தான் மாறுகிறது, கடைப் பையன் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் நமக்குத்தான் நஷ்டம். பந்தயத்துக்கென்று 300 டிகிரிக்கு மேல் தாங்கும் டாட் 4 வகைகள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறவர்கள் ஊற்றட்டும், ஆனால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும்.

கடலூர், புதுச்சேரியில் இருக்கும் வேகமான வண்டிக்கு இரண்டு வருஷம் என்பதை மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு சித்திரையிலும் மாற்றுகிறேன். ஆகும் செலவு பெட்ரோல் டேங்க் பாதி நிரப்பும் காசுகூட வராது. சீல் உடைத்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். அந்தப் பாட்டிலுக்குள்ளும் ஈரம் போகும். பெயின்ட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டை அரித்துவிடும். எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் இதில் ஒரு துளி கலந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும், அப்புறம் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் முதல் எல்லாம் மாற்ற வேண்டி வரும்.

ஆயிலை மாற்றி ஏர் எடுக்க, அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா டிரைவர் சீட்டில் உட்காருவார். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில். "மிதிம்மா... புடி... புடிச்சுக்கோ..." நான் சக்கரத்துப் பிரேக்கில் ஆயில் வெளியேற வைத்திருக்கும் நிப்பிளைத் திறந்து, பழுப்பு ஆயில் குழாயில் வந்து, திரும்ப மூடிய பிறகுதான் "விடு". மூடும் முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். புது ஆயிலின் நிறம் வரும்வரை ஒவ்வொரு சக்கரமாக. எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். நடுவில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம், காலியானால் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய், கம்ப்யூட்டர் வைத்து எடுக்க வேண்டியிருக்கும்.

காலிப்பர் பின், ரப்பர் பூட், உப்பு

அரியாங்குப்பத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பேட் சரியில்லை என்று வண்டி வந்தால், பேடைப் பார்க்கும் முன் காலிப்பரைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பார். "நம்ம ஊர்ல பேட் தேய்ஞ்சு கெடறத விட காலிப்பர் பின் துருப்புடிச்சு கெடறதுதாம்மா ஜாஸ்தி" என்பார். காலிப்பர் எதன்மேல் வழுக்கி நகர வேண்டுமோ அந்த இரண்டு உலோகப் பின்களும் உப்புக் காற்றில் சிக்கிக்கொண்டால் உள்பேட் மட்டும் தேயும், வெளிப்பேட் புதுசாகவே இருக்கும். பிரேக் பிடி பாதியாகும். இதற்கு மருந்து, பின்னைக் கழற்றித் துடைத்து, அதை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்தால் மாற்றி, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸைத் தடவுவது. சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் வேண்டாம். அது பெட்ரோலியம், ரப்பர் பூட்டை ஊதவைக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு புதுச்சேரியிலும், அடுத்த சில நாள் தென்பெண்ணை பொங்கியதில் கடலூரிலும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பது நமக்குத் தெரியும். இந்தப் பக்கம் பழைய வண்டி வாங்குகிறவர்கள் பின் டிரம்மைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். உள்ளே வண்டல் படிந்திருந்தால் அந்த வண்டி என்ன பார்த்திருக்கிறது என்று தெரிந்துவிடும். டிரம்மைச் சுத்தம் செய்வது ஒரு மணி நேர வேலை. தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல், ஈரத்துணியாலோ பிரேக் கிளீனர் ஸ்பிரேயாலோ எடுக்கச் சொல்லுங்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது.

இனி பேட்

தம்பி வண்டியில் ஆயில் மாற்றி, பின்களைச் சுத்தம் செய்த பிறகு முன் பேடில் மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம் இருந்தது. புதுப் பேடில் உரசும் பொருள் சுமார் பத்து மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். மூன்று வந்தால் மாற்றிவிட வேண்டும். மெல்லிய பேட் சூட்டைத் தடுக்காது, நேராகப் பிஸ்டனுக்குக் கடத்தும்.

அவன் எனக்குத் தெரியாமல் ஆன்லைனில் ஒரு ஜோடி 'ரேஸிங் பேட்' வாங்கி வைத்திருந்தான். பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் பெட்டியில். கையில் எடுத்ததுமே எனக்குச் சந்தேகம். பெட்டியின் எழுத்து மங்கல், பின் தகட்டின் ஓரம் ராவாமல் பிசிறு, உரசும் பகுதிக்கும் தகட்டுக்கும் நடுவில் நகம் நுழையும் இடைவெளி. பேட் ஓரத்தில் ஒரு குறியீடும் இல்லை. விற்றவன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேடை நாங்கள் வேறு யார் கைக்கும் போகாமல் இரண்டாக உடைத்துப் போட்டோம். உடைந்த விதம் பார்த்து அவனே பேச்சில்லாமல் நின்றான், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

நல்ல பேடின் ஓரத்திலோ முதுகிலோ எண்ணும் எழுத்துமாக ஒரு வரி அச்சாகியிருக்கும். அதன் கடைசி இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டில் எவ்வளவு. ஈ என்றால் 0.25 முதல் 0.35. எஃப் என்றால் 0.35 முதல் 0.45. ஜி என்றால் 0.45 முதல் 0.55. ரோட்டு வண்டிகளுக்கு எஃப்-எஃப் சாதாரணமாகக் கிடைக்கும், நல்லதும்கூட. ஜி-ஜி கொஞ்சம் கூர்மையாகப் பிடிக்கும். முதல் எழுத்தைவிட இரண்டாவது எழுத்து இறங்கியிருந்தால், சூடேறும்போது பிடி குறைகிற பேட் என்று அர்த்தம். வேகமான வண்டிக்கு அதை எடுக்காதீர்கள். ஆனால் இந்த எழுத்துகள் உராய்வை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு நாள் உழைக்கும், டிஸ்க்கை எவ்வளவு தின்னும், சத்தம் போடுமா என்பதெல்லாம் அதில் இல்லை. ஐரோப்பியப் பேட் என்றால் ஆர்-90 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் பேடின் திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதி.

உரசும் பொருளில் மூன்று குடும்பங்கள் உங்களுக்குத் தெரிந்தால் போதும். ஆர்கானிக் வகை மெத்தென்று பிடிக்கும், சத்தம் இல்லை, டிஸ்க்குக்கு நல்லது, ஆனால் கடும் சூட்டில் சீக்கிரம் கைவிடும். செமி மெட்டாலிக் வகையில் இரும்பு நாரும் தூளும் கலந்திருக்கும். சூட்டை நன்றாகத் தாங்கும், கறுப்புத் தூசி அதிகம், காலையில் கொஞ்சம் முனகும், டிஸ்க்கைத் தேய்க்கும். செராமிக் தூசியும் சத்தமும் குறைவு, நீண்ட நாள் உழைக்கும். செராமிக் என்ற பெயரைக் கேட்டு அதுதான் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பத்தோடு அமைதியாகப் போகிறவர்களுக்கு அது சரி. மலை இறக்கத்திலும் ஈசிஆரிலும் அழுத்தி ஓட்டுகிறவருக்கு, நல்ல கம்பெனியின் செமி மெட்டாலிக் அல்லது ரோட்டுக்கென்றே செய்த ஸ்போர்ட் பேடைத்தான் நான் சொல்வேன்.

பந்தயப் பேட் வேண்டாம் என்பதற்கு ஒரே காரணம் போதும். அது சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். கன்னியக்கோயில் பக்கம் ஒரு மாடு குறுக்கே வரும்போது உங்கள் பேட் ஆறிப்போய் இருக்கும். காலையில் தெருமுனையில் பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் குறுக்கே வந்தால் அப்போதும் ஆறித்தான் இருக்கும். நம் ரோட்டில் பெரும்பாலான அவசரங்கள் முதல் அழுத்தில் வருகின்றன. முதல் அழுத்தில் பிடிக்காத பேட் எவ்வளவு விலையானாலும் எனக்கு வேண்டாம்.

கம்பெனிப் பெயர் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். வண்டி ஷோரூமிலிருந்து வரும்போது போட்டிருந்த அதே பேட் பலருக்குப் போதுமானது, அதைக் குறைத்து எடைபோடாதீர்கள். ரானே குழுமத்துக்குப் புதுச்சேரியிலேயே பிரேக் லைனிங் ஆலை உண்டு. சென்னை பாடியில் 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் சரக்கு எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். பாஷ், பிரெம்போ பேட்களும் கிடைக்கின்றன. ஒரு படி மேலே போக வேண்டுமென்றால் இபிசி, ஃபெரோடோ மாதிரி கம்பெனிகளின் ரோட்டு ஸ்போர்ட் வகை. ஃபெரோடோவைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897இல் குதிரை வண்டிச் சக்கரத்துக்குப் பிரேக் கட்டை செய்யப் புறப்பட்டவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. எதை வாங்கினாலும் பில் தரும் கடையில், சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து வரவழைத்தாலும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம். விலை பாதி என்றால் பேடும் பாதிதான்.

தம்பிக்குக் கடைசியில் போட்டது எஃப்-எஃப் குறியுள்ள செமி மெட்டாலிக், முன்னால் மட்டும். பின்னால் இருந்தது ஆறு மில்லிமீட்டர், அப்படியே விட்டோம். முன்னால் மிகக் கூர்மையான பேடும் பின்னால் மிக மந்தமான பேடும் சேர்த்து வைத்தால் வண்டியின் சமநிலை கெடும், அதனால் வித்தியாசம் அதிகம் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். ஒரு அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில், ஒரே பெட்டியிலிருந்து மாற்ற வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டிஸ்க், ஹோஸ், பெரிய கிட்

டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளந்து, அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். லேத்தில் கடைந்து மெலிய வைத்து ஓட்டாதீர்கள். நடுக்கம் வந்தால் 'டிஸ்க் பெண்டு' என்று சொல்லி உடனே கடையச் சொல்வார்கள். பெரும்பாலும் அது பெண்டு கிடையாது. கடும் சூட்டோடு சிக்னலில் பிரேக்கை அழுத்தியபடியே நின்றதில் பேடின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும், அல்லது டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருக்கும். கம்பி பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்த்துவிட்டு உட்கார வைத்தாலே பாதி நடுக்கம் போய்விடும். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது அந்தத் துளைகளின் ஓரத்திலிருந்துதான் விரிசல் ஓடும். கோடு வெட்டிய டிஸ்க் பேடை வேகமாகத் தின்னும். ரோட்டுக்கு நல்ல வார்ப்பில் செய்த சாதா காற்று டிஸ்க் போதும்.

எஃகு வலை போர்த்திய ஹோஸ் போட்டால் பெடல் இறுக்கமாக இருக்கும், காலுக்குத் தெளிவு கூடும். தூரம் குறையாது. பத்து வருஷம் பழைய ரப்பர் ஹோஸை எப்படியும் மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் அப்போது போடுங்கள், செம்பு வாஷர்களையும் புதிதாக.

இனி அந்த ஒன்றேகால் லட்ச ரூபாய் கிட், அதாவது பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் சேர்ந்த தொகுப்பு. அவன் வண்டியில் இருப்பது 16 இஞ்ச் வீல். 330 மில்லிமீட்டர் டிஸ்க்கும் அதற்கு மேல் ஒரு பெரிய காலிப்பரும் அதற்குள் அடங்காது, குறைந்தது 17 வேண்டும். ஆக வீலும் டயரும் சேர்த்து வாங்க வேண்டும். வீல் கனம் கூடும், குழி விழுந்த ரோட்டில் வண்டி அடிக்கும். காலிப்பர் பிஸ்டன் பரப்பு கூடினால் அதை நிரப்ப அதிக ஆயில் தள்ள வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதே இருந்தால் பெடல் நீளமாக இறங்கும். முன்னால் மட்டும் பெரிதாக்கினால் முன் சக்கரங்கள் முந்திப் பூட்டும், பின் பிரேக் சும்மா இருக்கும், ஏபிஎஸ் பழைய கணக்கை வைத்துக்கொண்டு தடுமாறும். பந்தயத் தடத்தில் மாதம் ஒரு முறையாவது ஓட்டுகிறவர், எஞ்சின் சக்தியை நிஜமாகவே கூட்டியவர் மட்டும், வண்டிக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த கிட் வாங்கலாம். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் வந்து நிற்கும்போது இந்தப் பிரிவை முதன்முதலாகக் கேள்விப்படக் கூடாது.

போட்ட பிறகு

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே கை விடாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பாவில் ஆயில் ஏறி வழியும், பார்த்துக்கொள்ளுங்கள். பின் டிஸ்க்கோடு ஹேண்ட் பிரேக் சேர்ந்த காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும், சி-கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே உடைந்துவிடும். வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மறந்து ஷெட் சுவரில் மோதிய வண்டிகளை மெக்கானிக் அண்ணன் பார்த்திருக்கிறார்.

புதுப் பேட் முதல் நாளே முழுப் பிடியைத் தராது. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும். தம்பியும் நானும் விடியற்காலை நாலரை மணிக்குச் சிதம்பரம் ரோட்டில் ஆலப்பாக்கம் தாண்டிப் போனோம். 60லிருந்து 20 வரை, நடுத்தர அழுத்தில், பத்து முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை கிலோமீட்டர் சும்மா ஓட்டி ஆறவிட்டோம். ஒரு முறைகூட முழுக்க நிறுத்தவில்லை, நிறுத்தினால் சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆறாவது முறையில் பிசின் கருகும் வாசனை வந்தது. பேடுக்குள் இருக்கும் பிசின் முதல் சூட்டில் வாயுவாக வெளியேறுகிறது. அந்த நேரத்தில் பிடி கொஞ்சம் வழுக்கும், பயப்பட வேண்டாம், அவசர நிறுத்தத்துக்கு மட்டும் அன்று இடம் கொடுக்காதீர்கள். பிறகு எட்டு கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் மெதுவாகத் திரும்பினோம். வீட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வைத்து நிறுத்தினோம்.

மறுநாள் காலையில் டிஸ்க்கைப் பார்த்தபோது முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம், திட்டு எங்கும் இல்லை. அதன் மேல் இரவுக் கடற்காற்றில் ஆரஞ்சுத் துரு பூத்திருந்தது. முதல் நாலு அழுத்தில் அது போய்விடும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் நட்சத்திர வரிசையில் ஒரு தரம் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆயில் டப்பாவின் மூடியில் மாற்றிய தேதியை அவனே பெயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான்.